கேட்சை விட்டது அவர், திட்டு வாங்குவது அவர் மனைவியா? (விவாத இழை)

பெவிலியன் முனை (இழையைத் தொடங்கியவர்)

நேற்று மேட்ச் இழையில் நடந்த கூத்தைப் பார்த்த பிறகு இதைத் தனியாகத் திறக்கிறேன். ஒரு பௌலர் கடைசி ஓவரில் ரன்னை வாரிக் கொடுத்தார். ஏன் யார்க்கர் போடவில்லை, கேப்டன் ஏன் ஸ்பின்னரின் ஓவரை மிச்சம் வைத்தார் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. நியாயமான பேச்சு. கொஞ்ச நேரத்தில் யாரோ அவருடைய கல்யாண போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அப்புறம் கிரிக்கெட் பேச ஆளே இல்லை. அட்மின் எல்லாவற்றையும் அழித்துவிட்டார், நன்றி.

விமர்சனத்துக்கும் வசவுக்கும் கோடு எங்கே என்று இந்தத் தளத்தில் வருஷக்கணக்காகக் கேட்கிறோம். எனக்கு அது பெரிய புதிராகத் தெரியவில்லை. ஸ்கோர்கார்டை எடுத்துப் பார்த்தாலே போதும்.

2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் இந்தியா 151 அடித்தது. பாகிஸ்தான் ஒரு விக்கெட்டும் விழாமல் 17.5 ஓவரில் முடித்துவிட்டது. பாபர் 68, ரிஸ்வான் 79. உலகக் கோப்பையில் நாம் அவர்களிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. பௌலிங்கைப் பாருங்கள்: புவனேஷ்வர் 3 ஓவர் 25, பும்ரா 3 ஓவர் 22, வருண் 4 ஓவர் 33, ஜடேஜா 4 ஓவர் 28, ஷமி 3.5 ஓவர் 43. ஐந்து பேருக்கும் விக்கெட் பூஜ்ஜியம். பேட்டிங்கில் ரோஹித் முதல் பந்திலேயே அவுட், ராகுல் 3. இத்தனை பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்தில் துரோகி, பாகிஸ்தானுக்குப் போ, எவ்வளவு காசு வாங்கினாய் என்று ஷமியின் இன்ஸ்டாகிராமில் போய்க் குவித்தார்கள். அவருடைய எகானமி மோசமாக இருந்ததால் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் பிரஸ் மீட்டில் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதுதான் மனிதன் செய்யக்கூடிய கேவலமான காரியம் என்றார். அதற்குக் கிடைத்த பதில் அவருடைய கைக்குழந்தைக்குப் பாலியல் மிரட்டல். அது பாகிஸ்தான் ஐடி என்று பலரும் கிளப்பிவிட்டார்கள். மும்பை போலீஸ் போய்ப் பிடித்தது ஹைதராபாத்தில் இருந்த 23 வயது சாஃப்ட்வேர் இன்ஜினீயரை.

ஆட்டத்தின் மீதான வெறி என்கிறார்கள். அப்படியானால் அது ஏன் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிறது? இதுதான் என் கேள்வி.

ஜே ஸ்டாண்ட்

அண்ணா, நீங்கள் சொன்ன உதாரணத்தை யாரும் ஆதரிக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் மிரட்டலில் தொடங்கி, கடைசியில் மீம் போடுகிறவன் தலையில் வந்து விடிகிறது.

2025 ஏப்ரல் 5, ஐபிஎல்லில் சிஎஸ்கே டெல்லியோடு ஆடிய மேட்ச். நான் சேப்பாக்கத்தில் நேரில் இருந்தேன். 184 துரத்தவேண்டும். விஜய் சங்கர் 54 பந்தில் 69 நாட் அவுட், தோனி 26 பந்தில் 30 நாட் அவுட். 25 ரன்னில் தோல்வி. கையில் விக்கெட் இருக்கிறது, ஆடுகிறவர்கள் சிங்கிள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பிளாக்கில் டிக்கெட் வாங்கி, வெயிலில் வரிசையில் நின்று போனவன் பூங்கொத்தா கொடுப்பான்? கத்தினோம், வெளியே வந்து மீமும் போட்டோம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் கொஞ்சம் கலாய்ப்பையும் தாங்கத்தான் வேண்டும்.

நெல்லைச் சீமை

தம்பி, நீங்கள் 2025இல் கலாய்த்தீர்கள் சரி. விஜய் சங்கருக்கு 2018இலிருந்தே இது நடக்கிறது. எங்கள் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பதால் கொஞ்சம் பாசத்தோடுதான் சொல்கிறேன், கழித்துக்கொண்டு படியுங்கள்.

நிதாஹஸ் கோப்பை இறுதி, கொழும்பு, 2018 மார்ச் 18. முஸ்தஃபிசூர் போட்ட 18ஆவது ஓவரில் வரிசையாகப் பந்துகள் பேட்டில் படாமல் போயின. 19 பந்தில் 17 எடுத்தார். தினேஷ் கார்த்திக் உள்ளே வந்தபோது 12 பந்தில் 34 வேண்டும். 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்து சிக்ஸரில் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஜெயித்த மேட்ச் அது! ஜெயித்த அணியில் ஒருவரை அன்று ராத்திரி முழுக்க ஊரே சேர்ந்து திட்டியது. அதே தொடரில் பங்களாதேஷுக்கு எதிரான முதல் மேட்சில் ஆட்ட நாயகன் அவர்தான் என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

2019 உலகக் கோப்பை அணியில் அவரை ஏன் எடுத்தோம் என்று தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் விளக்கும்போது பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என மூன்று பரிமாணம் என்றார். இடம் கிடைக்காத ராயுடு, உலகக் கோப்பை பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் செய்துவிட்டேன் என்று ட்வீட் போட்டார். ஜோக் நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் தேர்வு செய்தது குழு, பேசியது பிரசாத், கோபம் ராயுடுவுக்கு. ஆயுசுக்கும் பட்டப்பெயர் மட்டும் விஜய் சங்கருக்கு. மான்செஸ்டரில் பாகிஸ்தானுக்கு எதிராக, புவனேஷ்வர் காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும், பாதி ஓவரை முடிக்க வந்து முதல் பந்திலேயே இமாமைத் தூக்கினார். உலகக் கோப்பையில் அவர் போட்ட முதல் பந்து. அதற்கு எத்தனை மீம் வந்தது?

மீமைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஒரே ஆள் மேல் லட்சம் பேர் ஒரே நேரத்தில் போடும்போது, அனுப்புகிறவனுக்கு அது ஒரு ஜோக். வாங்குகிறவனுக்கு அப்படியா இருக்கும்?

கூக்ளி கோபாலபுரம்

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு சேர்க்கை. அந்தத் துபாய் ஆட்டத்தில் பொதுவெளியில் அடி வாங்கியது ஷமி. ஆனால் வருணும் சும்மா விடப்படவில்லை. 2025 மார்ச்சில் கோபிநாத்துக்குக் கொடுத்த பேட்டியில் சொல்லியிருக்கிறார். உலகக் கோப்பை முடிந்து ஊர் திரும்புவதற்கு முன்பே, இந்தியாவுக்கு வராதே என்று மிரட்டல் அழைப்புகள். வீடு எங்கே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது பைக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

அதனால் மதம் மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது. மதம் இருந்தால் மதம், இல்லாவிட்டால் புதுமுகம் என்பதே போதும். யாருக்குப் பின்னால் ரசிகர் படை இல்லையோ அவர் மேல் பாய்வது சுலபம். பும்ராவும் ஜடேஜாவும் அன்று விக்கெட் எடுக்கவில்லை, அவர்கள் வீட்டுக்கு யாரும் பைக்கில் போனதாகத் தெரியவில்லை.

அந்த வருண்தான் 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட் எடுத்தார். அன்றைக்கு நம்ம சென்னைப் பையன் என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் எத்தனை பேர் 2021இல் என்ன எழுதினார்கள் என்று தேடிப் பார்க்க ஆசைதான். நேரமில்லை.

பெவிலியன் முனை

@கூக்ளி கோபாலபுரம்: பின்னால் படை இல்லாதவர் என்பது சரியான பாயின்ட். அர்ஷ்தீப்பையும் அதில் சேர்க்கலாம். 2022 செப்டம்பர் 4, ஆசியக் கோப்பை, மறுபடி துபாய், மறுபடி பாகிஸ்தான். பிஷ்னோய் பந்தில் ஆசிஃப் அலியின் கேட்சை விட்டார். அடுத்த ஓவரில் புவனேஷ்வர் 19 ரன் கொடுத்தார். கடைசி ஓவரில் காப்பாற்ற இருந்தது 7 ரன்தான். அதிலும் அர்ஷ்தீப் அதே ஆசிஃப் அலியை எல்பிடபிள்யூ ஆக்கி, ஆட்டத்தை ஐந்தாவது பந்து வரை இழுத்துக்கொண்டு போனார். இதெல்லாம் யாருக்கு வேண்டும்? சீக்கியரான அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தில் புகுந்து காலிஸ்தான் என்று மாற்றி வைத்துவிட்டார்கள். மத்திய அரசு விக்கிப்பீடியாவிடம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. 23 வயதுப் பையன். 2024 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட் எடுத்தவர்களில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

தஞ்சை அகிலம்

பௌலர், பேட்ஸ்மேன் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மைதானத்துக்குள் காலே வைக்காதவர்கள் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

2020 அக்டோபர் 7, அபுதாபி. கொல்கத்தாவிடம் சிஎஸ்கே 10 ரன்னில் தோற்றது. கேதார் ஜாதவ் 12 பந்தில் 7 எடுத்தார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைய கோபத்தில் தோனியின் ஐந்து வயது மகளுக்குப் பாலியல் மிரட்டல் எழுதினான் ஒருவன். குஜராத் முந்த்ரா பக்கம் பிடித்தார்கள். வயது 16.

2023 நவம்பர் 19, ஆஸ்திரேலியாவிடம் நாம் உலகக் கோப்பையைத் தோற்ற அகமதாபாத் இறுதி. டிராவிஸ் ஹெட்டின் மனைவி, கைக்குழந்தை வரைக்கும் போனார்கள். மேக்ஸ்வெல்லின் மனைவி வினி ராமன் மெல்பர்னில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவர்களுடைய தமிழ்க் கல்யாணப் பத்திரிகை வைரலானபோது, மஞ்சள் பூசின மாப்பிள்ளை என்று கொண்டாடியதும் நாம்தான். அந்த இறுதி ஆட்டம் முடிந்த ராத்திரி அதே பெண்ணை எப்படியெல்லாம் திட்டினார்கள்! பிறந்து வளர்ந்த நாட்டையும், கணவரும் தன் குழந்தையின் அப்பாவுமான ஒருவர் ஆடும் அணியையும் ஆதரிக்கலாம் என்று அவர் இன்ஸ்டாகிராமில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் விளக்கம் கேட்கிற இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

என் தங்கை மாவட்ட அளவில் கபடி ஆடுகிறாள். ரெய்டு போய் இரண்டு பேரைத் தொட்டு வந்த வீடியோவை அவள் கோச் ரீலாகப் போட்டார். கீழே வந்த கமென்டில் ரெய்டு பற்றி ஒன்றிரண்டுதான் இருந்தது. மிச்சமெல்லாம் ஷார்ட்ஸ், தொடை, நிறம். அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் முழு பேன்ட் போட்டு ஆடு என்றாள். அவளைத்தான் ஆட விடாமல் செய்யப் பார்த்தோம், கமென்ட் போட்டவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

க்ராய்டன் மழை

லண்டனிலிருந்து. இங்கே இதைப் பற்றி ரொம்ப நாளாகச் சண்டை நடக்கிறது. 2021 ஜூலை 11, வெம்ப்ளி, யூரோ இறுதி. இத்தாலிக்கு எதிரான பெனால்டியில் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் தவறவிட்டார்கள். மூவரும் கறுப்பர்கள். சாகாவுக்கு 19 வயது. தனக்கு எந்த மாதிரி வெறுப்பு வரப்போகிறது என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது என்று பிறகு எழுதினார். பந்து போகாத வருத்தத்துக்கு முன்னால் ஒரு பையனுக்கு இது தோன்றுகிறது என்றால் பாருங்கள்.

அப்போது எல்லோரும் சொன்ன தீர்வு, ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை கொடுத்தால்தான் அக்கவுன்ட் என்பது. ட்விட்டர் தன் ஆய்வை வெளியிட்டது. நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம் யாருடையது என்று கண்டுபிடிக்கக்கூடியவை. வசவு அதிகம் கிளம்பிய நாடு பிரிட்டனேதான். ஃபேக் ஐடி, வெளிநாட்டு பாட் என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

சின்னப் பசங்க வேலை என்றும் சொல்லாதீர்கள். 2025 பெண்கள் யூரோவில் இங்கிலாந்து டிஃபெண்டர் ஜெஸ் கார்ட்டருக்கு வந்த இனவெறிப் பதிவுகள் தொடர்பாகக் கைதானவருக்கு வயது 59.

டீக்கடை பெஞ்சு

யாரும் காசைப் பற்றிப் பேசவில்லையே? எங்கள் தெரு டீக்கடையில் ஐபிஎல் சமயத்தில் நேரில் பார்த்தது. இந்தியாவோ சென்னையோ ஜெயித்தால்கூட ஒரு அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பார். என்னண்ணே, ஜெயிச்சுட்டோமே என்றால், அவனைத்தான் கேப்டனா வெச்சேன், ரெண்டு ரன்ல போயிட்டான் என்பார். பேன்டசி ஆப்பில் போட்ட காசு. போனை எடுத்து அந்த பேட்ஸ்மேனின் பக்கத்தில் போய் டைப் பண்ணிவிட்டுத்தான் டீயைக் குடிப்பார். அவருக்கு அந்த ஆள் எந்த அணி என்பதே முக்கியமில்லை.

டென்னிஸில் இதைக் கணக்கெடுத்தே விட்டார்கள். 2024இல் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 8,000 வசவுப் பதிவுகள். அதில் 40 சதவீதம் பெட்டிங்கில் காசை விட்டவர்களுடையது. இது பெண்கள் டென்னிஸ் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் வெளியிட்ட அறிக்கை. அமெரிக்க பேஸ்பாலில் ஹூஸ்டன் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் 2025 மே மாதம் ஒரு ஆட்டத்தில் சொதப்பினார். அவர் குழந்தைகளைக் கொல்வேன் என்று மெசேஜ். போலீஸ் தேடிப் பிடித்தால், வெளிநாட்டில் உட்கார்ந்து குடித்துவிட்டு பெட்டில் தோற்றவன். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். அந்தக் குடும்பத்துக்கு 24 மணி நேரமும் காவல் போட வேண்டி வந்தது.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட் சட்டத்துக்கு அப்புறம் பேன்டசி ஆப்களில் காசு வைத்து ஆடுவது நிறுத்தப்பட்டுவிட்டது. இந்திய அணி ஜெர்சியில் இருந்த ஆப் பெயரும் போய்விட்டது. வசவு குறைந்ததா? டீக்கடை அண்ணன் இப்போது வேறு ஏதோ லிங்க்கில் ஆடுகிறார்.

ஜே ஸ்டாண்ட்

பெட்டிங் ஆளையும் எங்களையும் ஒரே கூண்டில் நிறுத்தாதீர்கள். நாங்கள் காசுக்காகக் கத்தவில்லை.

ஹர்திக் கதையைப் பாருங்கள். 2024 ஐபிஎல்லில் மும்பை அணியில் ரோஹித்தை எடுத்துவிட்டு இவரைக் கேப்டனாக்கினார்கள். அகமதாபாத்தில் கூச்சல், அணியின் சொந்த மைதானமான வான்கடேயில் அதைவிட. டாஸ் போடும்போது மஞ்ச்ரேக்கரே, ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றே மாதம். டி20 உலகக் கோப்பையின் பார்படாஸ் இறுதியில் கடைசி ஓவரில் 16 ரன்னைக் காப்பாற்றினார். ஜூலை 4ஆம் தேதி அதே வான்கடேயில் ஹர்திக், ஹர்திக் என்று கோஷம். ரசிகன் திட்டுவான், தூக்கியும் வைப்பான். எங்களுக்கு மனசில் ஒன்றும் கிடையாது.

நெல்லைச் சீமை

உங்களுக்கு மனசில் ஒன்றும் கிடையாது, அவர் மனசில் இருக்குமா இருக்காதா? கடைசி ஓவரில் மில்லர் அடித்ததை சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடிக்காமல் விட்டிருந்தால் ஜூலை 4 எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அதோடு ரெண்டு மூணு மாதம் திட்டு வாங்கிய பிறகு உலகக் கோப்பையை ஜெயித்துக் கொடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வருமா என்ன? கேதார் ஜாதவுக்கு வரவில்லையே.

அந்தச் சமயத்தில் அஸ்வின் தன் யூடியூபில் பேசினார். இது சினிமா கலாச்சாரம் என்றார். ஜோ ரூட் ரசிகரும் ஜாக் க்ராலி ரசிகரும் அடித்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். தமிழ்நாட்டு ஆளுக்கு அது உடனே புரியும். முதல் நாள் முதல் காட்சியில் பாலாபிஷேகம் பண்ணிவிட்டு, எதிர் நடிகர் படத்துக்கு முன்பதிவு இல்லை என்று காலி சீட் ஸ்கிரீன்ஷாட் போட்டுப் பழகிய கைதானே. ரோஹித்துக்கு ஒரு படை, கோலிக்கு ஒரு படை, தோனிக்குச் சொல்லவே வேண்டாம். நடுவில் மாட்டுகிறவன் ஏழாவதாக இறங்கும் ஏதோ ஒரு பேட்ஸ்மேன்.

நெட் பௌலர்

நான் பெரிய ஆள் இல்லை. சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடியவன், இப்போது பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

பெரிய ஆட்டங்களில் சூதாட்டத் தடுப்பு விதிப்படி ஆடுகிறவர்கள் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போக முடியும். ஆட்டம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். என்னிடம் படித்த பையன் ஒருவன் டிவியில் வரும் டி20 தொடரில் ஆடினான். ஒரு நாள் ஒரே ஓவரில் நாலு சிக்ஸ் வாங்கிவிட்டான். மேட்ச் முடிந்து போனை ஆன் பண்ணினால், கை நடுங்கும் அளவுக்கு அது அதிர்ந்துகொண்டே இருந்ததாம். அவன் அப்பாவின் மிஸ்டு கால் எது என்று அந்தக் குவியலில் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது. அப்பா, சாப்பிட்டியா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

ஸ்டார்களுக்கு அக்கவுன்டைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி இருக்கிறது. இவனுக்கு இவனேதான். படிக்காதே என்று சொன்னால், முந்தின வாரம் மூன்று விக்கெட் எடுத்தபோது படிக்கச் சொன்னீங்களே சார் என்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது பசங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கமென்டில் குறிப்பிட்ட வார்த்தைகளை மறைக்கும் வசதி இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. அதில் ஆங்கிலக் கெட்ட வார்த்தையோடு விட்டுவிடாதே, தமிழ்க் கெட்ட வார்த்தைகளையும் தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை போட்டு வை. உட்கார்ந்து அந்தப் பட்டியலை நாங்கள் சேர்ந்துதான் தயாரித்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, அது வேறு கதை.

வாய்தா

வக்கீல் என்பதால் சட்டப் பக்கம் மட்டும். சட்டம் போதாது என்ற பேச்சு பாதிதான் சரி. ஐ.டி. சட்டத்தின் பழைய 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அது சரியான தீர்ப்பு. வெறும் எரிச்சலூட்டும் பதிவுக்கெல்லாம் கைது செய்ய முடிந்தால், இந்தத் தளத்தில் பாதிப் பேர் உள்ளே இருப்போம். ஆனால் மிரட்டல் வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவு கொலை மிரட்டலுக்கு ஏழு வருஷம் வரை தண்டனை வைத்திருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதலாக இரண்டு வருஷம் வரை. ஆபாசப் பதிவுக்கு ஐ.டி. சட்டத்தின் 67. பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்தால் நியாய சன்ஹிதாவின் 78.

ஓட்டை அமலில்தான். கோலி வழக்கில் புகார் கொடுத்தது அவர் மேனேஜர். 2023இல் புகார்தாரரே சம்மதித்ததால் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. பையனுக்கு வாழ்க்கை இருக்கிறது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் மேனேஜர் வைத்திருக்கிறவர் புகார் கொடுத்தால் போலீஸ் ஹைதராபாத் வரை போகிறது. நெட் பௌலர் சொன்ன பையன் ஸ்டேஷனுக்குப் போனால், பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாருப்பா என்பார்கள்.

அட்மின் 2

இழை நன்றாகப் போகிறது, பூட்டவில்லை. மேட்ச் இழைகளுக்கு இன்று முதல்: குடும்பத்தினர் படம், மதம், சாதி, நிறம் வந்தால் எச்சரிக்கை கிடையாது, நேராக ஒரு மாதத் தடை. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு காட்டமாக வேண்டுமானாலும் எழுதுங்கள்.

ஜே ஸ்டாண்ட்

பட்டப்பெயர்? 'டொக்கு மன்னன்' போகுமா போகாதா?

அட்மின் 2

போகும். ஆனால் ஆளின் பக்கத்தில் போய் டேக் பண்ணினால் போகாது. நமக்குள் பேசுவது வேறு, அவர் வீட்டு வாசலில் போய்க் கத்துவது வேறு.

ஜே ஸ்டாண்ட்

டேக் பண்ணாத மீம் யார் கண்ணில் படும்? ஏற்றுக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் தளம், உங்கள் விதி.

தஞ்சை அகிலம்

@வாய்தா: சார், ஒரு சந்தேகம். தங்கைக்கு கமென்ட் மட்டுமில்லை, ஒருவன் இன்பாக்ஸில் தினமும் அனுப்புகிறான். போன வாரம் அவள் ப்ராக்டிஸ் போகும் மைதானத்தின் பெயரை எழுதியிருந்தான். வீட்டில் பிளாக் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?

வாய்தா

இன்னும் பண்ண வேண்டாம்மா. முதலில் எல்லா மெசேஜையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவனுடைய பக்கத்தின் லிங்க்கைத் தனியாகக் காப்பி செய்து வையுங்கள். பெயரை அவன் மாற்றிவிடுவான், வெறும் பெயர் இருந்தால் பிரயோஜனம் இல்லை. எதையும் அழிக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கெதிரான குற்றம் என்ற பகுதியில் பதிவு செய்யுங்கள். ஒப்புகை எண் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்கு நேரில் போங்கள். அப்புறம் பிளாக். மைதானப் பெயரை எழுதியிருக்கிறான் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் சாதாரண கமென்ட் என்று ஒதுக்கிவிடுவார்கள். ப்ராக்டிஸுக்குத் தனியாக அனுப்ப வேண்டாம்.

தஞ்சை அகிலம்

சரி சார், இன்றைக்கே எடுத்து வைக்கிறேன். ப்ராக்டிஸுக்கு இப்போதைக்கு நான் கூடப் போகிறேன். நிறுத்தச் சொல்லி அம்மா கேட்டாள், தங்கை முடியாது என்றுவிட்டாள்.